உடன் வந்தவர்

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, திருத்தணி மலையடிவாரத்தில் உள்ள ஒரு தெரு அம்மன் கோயிலின் புறப்பாட்டில் பல்லக்கின் தண்டு சரிந்து, பஞ்சாட்சரம் என்பவரின் வலது தோளில் காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவருக்கு வயது நாற்பத்தாறு.

வாரம் முழுக்க அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஆடி வெள்ளிகளில் குளித்து, வேட்டி மாற்றி, பல்லக்கின் முன் தண்டுக்குத் தோள் கொடுப்பார். அப்படித் தோள் கொடுப்பவர்கள் பன்னிரண்டு பேர். அன்று தெருத் திருப்பத்தில் பெண்கள் ஊற்றிய மஞ்சள் தண்ணீரில் பின்னால் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாரம் முன்பக்கம் வந்தது. எலும்பு முறிந்த பிறகும் பஞ்சாட்சரம் தண்டை விடவில்லை. மற்றவர்கள் வந்து தாங்கும்வரை முழங்காலில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். “அம்மன் ஏள்றப்போ வுயுந்துட்டேங்க” என்றார். கேட்டவர் வெளியூர்க்காரர். ‘சாமி ஊர்வலம் பார்க்கும்போது கீழே விழுந்தார்’ என்று சீட்டில் எழுதினார்.

பஞ்சாட்சரத்துக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது. இந்த ஊரில் மூட்டையைத் தூக்குவார்கள், குழந்தையைத் தூக்குவார்கள். லாரியில் சரக்கை ஏற்றுவார்கள். பந்தக்காலை நிமிர்த்துவார்கள். கடையில் வைத்த செல்போன் காணாமல் போனால் எவனோ தூக்கிவிட்டான் என்பார்கள். பிணத்தை எடுப்பார்கள். சாமிக்கு இதில் எதுவும் ஆகாது. சாமி எழுந்தருளும். பேச்சில் அது ஏளும். பல்லக்கு கோயிலை விட்டு வெளியே வந்து, நான்கு தெரு சுற்றி, திரும்பிப் போய்ச் சேரும். அதை நகர்த்தியவர் என்று ஒரு மனிதனும் அந்தப் பேச்சில் வரமாட்டான்.

கோயில் கமிட்டி திருவிழாவுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தது. பல்லக்கு சுமப்பவர்களுக்கு அது உண்டு, வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கிடையாது. மூன்று வாரத்துக்குள் பிளேட் வைத்து எலும்பைச் சேர்க்காவிட்டால் கோணலாகக் கூடிவிடும், பிறகு அந்தத் தோள் மூட்டைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, அவர் பல்லக்கு சுமந்தார் என்று கமிட்டி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

கமிட்டிச் செயலாளர் சுப்புரத்தினம் எழுதிக் கொடுத்தார்: ‘அம்மன் எழுந்தருளியபோது உடன் வந்த பஞ்சாட்சரம் தவறி விழுந்தார்.’ காப்பீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடன் வந்தவருக்குப் பாலிசியில் இடமில்லை.

பஞ்சாட்சரத்தின் மனைவி துர்கா பஸ் நிலையத்துக்கு எதிரே லுங்கிக் கடையில் வேலை பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடிதத்தோடு கோயிலுக்குப் போனார்.

“கூட வந்தவரு தோள்ல எலும்பு எப்படிங்க ஒடையும்?”

சுப்புரத்தினம் கோபப்படவில்லை. கோயில் புத்தகங்களில் இத்தனை வருஷத்தில் சாமியைத் தூக்கினார்கள் என்று ஒரு வார்த்தை வந்ததே கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். பஞ்சாட்சரம் நல்ல மனிதர் என்றும், அவருக்காகத் தனியாக அர்ச்சனை செய்யச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். துர்கா நகரவில்லை.

“அம்மனை ஒரு மனுஷன் தூக்கினான்னு என் கையால எழுதணுமா? அவ என்ன மூட்டையா, பொணமா?” என்றார் சுப்புரத்தினம்.

“பொணத்துக்குக்கூட நாலு பேருன்னு ஊரு ஒத்துக்குதுங்க ஐயா. அம்மனுக்கு ஒருத்தரும் இல்லீங்களா?”

“எல்லாம் அவ செயல்மா. அவளா எழுந்தருள்றா.”

“அப்போ வர்ற வெள்ளிக்கெயம அவளே எழுந்தருளட்டுங்க.”

சொல்லிவிட்டு துர்கா கிளம்பினார். வெளியே வந்ததும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

துர்காவின் தம்பி சிங்காரம் பன்னிரண்டு பேரில் ஒருவர். அன்று மாலை மார்க்கெட்டில் மற்றவர்களிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினார். இரண்டு பேர் பயந்தார்கள். தோள் கொடுக்காமல் நின்றால் வீட்டில் அம்மை போடும் என்றார்கள். “எங்க பாவாவோட எலும்பு சும்மா கூட வந்துகினு இருந்துச்சாம்டா” என்று அக்கா புருஷனைச் சொன்னார் சிங்காரம். சிரித்தவர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு நம் தோள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஆகஸ்ட் 9 அன்று பதினொரு பேரும் குளித்து, விபூதி பூசி, நேரத்துக்கு வந்தார்கள். அலங்காரம் முடிந்தது. கற்பூரம் காட்டினார்கள். பம்பை முழங்கியது. தெருவில் பெண்கள் தட்டோடு நின்றார்கள், அவர்களோடு துர்காவும் நின்றார். பதினொரு பேரும் பல்லக்கின் இரு பக்கமும் கைகட்டி நின்றார்கள்.

சுப்புரத்தினம் இரண்டு முறை சைகை காட்டினார். பிறகு பக்கத்தில் வந்து, “ஏளப்பண்ணுங்கப்பா” என்றார்.

“நாங்க உடன் வரோங்க. அம்மன் பொறப்படட்டும், பின்னாலயே நடந்து வரோம்” என்றார் சிங்காரம்.

அரை மணி நேரம் போனது. கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்டுக்குத் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். பல்லக்கு அசையவில்லை. அதில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. அது சிங்காரத்தின் மீது என்றுதான் சுப்புரத்தினம் முதலில் நினைத்தார். ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

சுப்புரத்தினம் உள்ளே போய் லெட்டர் பேடை எடுத்து வந்தார். ‘பல்லக்கைத் தோளில் தூக்கிச் சென்றபோது பஞ்சாட்சரத்துக்கு எலும்பு முறிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மனை என்று எழுதவில்லை. துர்கா இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் புறப்பாடு கிளம்பியது.

காப்பீட்டுக்காரர்கள் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 20 அன்று பஞ்சாட்சரத்துக்கு ஆபரேஷன் நடந்தது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், இனி புறப்பாட்டுக்கு டிராக்டர் வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். பன்னிரண்டு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.