கடைசி எபிசோடுக்கு ஒரு டம்ளர் கஞ்சி

பாறைப்பட்டியில் டிவி தெரிவதே நாகவல்லியின் புண்ணியத்தில்தான். பள்ளத்தூர் வரை வந்த கேபிள்காரர், நாற்பது வீட்டுக்காக ஒயர் இழுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். பாறை மறைப்பதால் செல்போனிலும் ஒன்றும் எடுக்காது. ஊரே சேர்ந்து பாறை உச்சியில் ஒரு டிஷ்ஷை நட்டு, ஒரே ஒரு செட்டாப் பெட்டியை வைத்து, வீட்டுக்கு வீடு ஒயர் இறக்கியது. சம்பளமில்லாமல் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நாகவல்லி. அவள் வைக்கிற சேனல்தான் ஊருக்கு.

சட்டம் ஒன்றே ஒன்று. ஊரில் துட்டி விழுந்தால் பிணம் எடுக்கும்வரை பெட்டியை அணைத்துவிட வேண்டும்.

ஆறு வருஷம் ஓடிய மாமியார் சீரியல் வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு முடிகிறது என்று அறிவித்தார்கள். அதே வாரம் பார்த்து நாகவல்லியின் மாமனார் முத்தப்பன் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நோய் ஒன்றுமில்லை. நாலு வருஷமாகப் படுக்கை, எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை, இருந்து என்ன செய்ய என்றார். நாகவல்லி கெஞ்சினாள், அழுதாள். புருஷன் போனபின் அவளுக்கென்று இருப்பது அவர் ஒருத்தர்தான்.

விஷயம் பரவியது. வியாழக்கிழமை விடிவதற்குள் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. ஒருத்தி கஞ்சியோடு வந்தாள், ஒருத்தி ஆட்டுக்கால் சூப்போடு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் முறை போட்டு நாடி பார்த்தார்கள். டிவி சங்கத் தலைவர் தண்டாயுதபாணி காரைக்குடியிலிருந்து டாக்டரையே காரில் ஏற்றி வந்தார்.

"மாமா, வெள்ளிக்கிழமை எட்டு மணி வரைக்கும் மனசு வைங்க. பெறகு ஒங்க இஷ்டம்" என்று கெஞ்சினார் தண்டாயுதபாணி.

"எம்மேல இம்புட்டுப் பாசமா இருந்தீக?" என்று கிழவர் கண் கலங்கினார். வெட்கங்கெட்ட ஊர், ஆமாம் என்று தலையாட்டியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி சரியில்லை என்று சண்டை போட்டார். நாகவல்லி சந்தோஷமாக வேறு சட்னி அரைக்க ஓடினாள்.

ஏழு மணிக்கு வீடு காலியானது.

"எங்குட்டு ஆத்தா போறாக?"

"சீரியல் பாக்க, மாமா."

"நாளைக்கு வருவாகளா?"

நாகவல்லி செருப்பில்லாத வாசலைப் பார்த்தாள். கிழவர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாகவல்லி பாறையேறினாள். பெட்டியில் பென் டிரைவைச் செருகி, சீரியல் பதிவாகிறதா என்று சரிபார்த்தாள். பிறகு ஊருக்கு இறங்கும் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். கீழே நாற்பது வீடும் ஐயோ என்று அலறியது உச்சி வரை கேட்டது.

மூச்சிரைக்க ஏறி வந்தார் தண்டாயுதபாணி.

"ஒயர் போச்சுண்ணே. பயப்படாதீக, பதிவு பத்திரமா இருக்கு. சரியானதும் திரும்பப் போட்டுருவேன்."

"என்னைக்கு ஆத்தா?"

"சொல்ல முடியாது. அதுவரைக்கும் ஊருல துட்டி விழாமப் பாத்துக்கங்க."

சனிக்கிழமை விடியும்போது வாசலில் செருப்பு விட இடமில்லை. தண்டாயுதபாணியே டம்ளரைப் பிடித்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். முத்தப்பன் மருமகளைச் சைகை காட்டி அருகே அழைத்தார்.

"ஒயரு சரியாயிருச்சா?" என்றார் காதோடு.

"இல்ல மாமா."

"அவசரமில்ல ஆத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.