காட்டில் சொல்லாத பெயர்

காட்டுப் பாதைக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். டவுனில், ஓர்ஸ் ஹில் வாடகை வீட்டுக்குள் டிவியும் போனுமாக வளரும் பிள்ளைக்கு மரத்தையும் மலையையும் காட்ட வேண்டாமா? கப்பல்துறை தாண்டிப் புதிதாக ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். காட்டைச் சுற்றி, மலை தெரியும் பாறையில் ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். வாசல் பலகையில் தாய், தகப்பன், நடுவில் பிள்ளை என்று படம் வேறு.

என் கணவர் சசிக்கு விருப்பமே இல்லை. வெருகலில் தேன் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் எனக்குத் தெரிந்து ஒருநாளும் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. அன்று வாசலிலேயே ஓர் இலைக்குழையை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். எங்கள் ஆறு வயது மகள் சஸ்விகா பலகைப் படத்தைத் தடவிப் பார்க்க ஓடிவிட்டாள்.

"உள்ளுக்குப் போனாப் பிறகு ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது," என்றார் என்னிடம், மெதுவாக. "கூ எண்டு குரல் குடு. அது போதும்."

"கலியாணம் கட்டின நாளில இருந்து உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டனானா? எனக்கென்ன கஷ்டம்?"

அவர் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் என் மாமனார் வீரக்குட்டியும் சசியின் அண்ணன் யோகனும் தேனுக்குப் போனார்கள். காட்டுக்குள் பிரிந்துபோக, பதறிப்போன மாமா மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார். யோகன் இன்றுவரை வரவில்லை. அந்தப் பெயர் யாருடைய காதில் விழுந்தது, மனிதனா வேறேதுமா, ஒருவருக்கும் தெரியாது. சசி அப்போது சின்னப் பிள்ளை.

தெரிந்தும் பகிடி விட்டேன். என் வாய் அப்படி.

பாறையில் இருந்து பார்த்தால் ஒரு பக்கம் நீல மலைகள், மறுபக்கம் துறைமுகத் தண்ணீர் துண்டு துண்டாக. மீன் அடைத்த மாலுபணிஸ் சாப்பிட்டோம். கீழே பாலைப்பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. "பாலைப்பழக் காலம், கரடி வரும். வெளிச்சத்தோட இறங்குவம்," என்று சசி அவசரப்படுத்தினார். சஸ்விகா கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன். பிள்ளை அவரோடு வருகிறாள் என்று நான் நினைத்தேன். என்னிடம் ஓடிவிட்டாள் என்று அவர் நினைத்தார். ஒரு வளைவில் அவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"சஸ்..." என்று வாய் திறந்தேன். அவருடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது.

"சொல்லாத!"

வந்த வழியே திரும்பி ஓடினோம். "கூ...!" என்று அடிவயிற்றில் இருந்து குரல் கொடுத்தார். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்; என் குரல் எனக்கே பேய்க்குரலாகக் கேட்டது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பாலை மரங்களின் அடியில் வந்தபோது எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது.

"கூ எண்டா அவளுக்கு என்ன விளங்கும்? அவள் என்ன வெருகல் காட்டில வளந்தவளா? அவளுக்கு ஆர் சொன்னது?"

சசி என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"கூப்பிடுங்கோ. இல்லாட்டி நான் கூப்பிடுவன்."

"எனக்கு ஏலாது, பிரியங்கினி." சொல்லி முடித்த பிறகுதான் காட்டுக்குள் என் பெயரைச் சொல்லிவிட்டது அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போனது. நான் வாயைத் திறக்கப் போக, கையைப் பிடித்தார். "பொறு. நான் கூப்பிடுறன். நடக்கிறது என்ர தலையோட போகட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "சஸ்விகா...! சஸ்விகா...!"

"அப்பா!"

பக்கத்துப் பாறைக்குப் பின்னால் இருந்து தவழ்ந்து வந்தாள். சட்டையெல்லாம் முள். வாயைச் சுற்றிப் பாலைப்பழப் பால் பிசுபிசுத்தது.

"பழம் பொறுக்கினனான். கரடி கூ கூ எண்டு கத்திச்சுது. கிட்டக் கிட்ட வந்துது. அதுதான் ஒளிச்சிருந்தனான்," என்று தேம்பினாள். "ரெண்டு பேரும் ஏன் என்னைக் கூப்பிடேல்ல?"

சசி அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அழுதார். கலியாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு அவளை என் கையில் தந்துவிட்டு, பாதை இல்லாத பக்கம் திரும்பி நின்றார். கைகளை வாயருகே குவித்தார்.

"யோகண்ணா...!"

குரல் மரங்களுக்குள் போய் அடங்கியது.

"அப்பா ஆரைக் கூப்பிடுறார்?" என்று சஸ்விகா என் காதில் கேட்டாள்.

அவர் தலையைச் சற்றே சரித்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இருட்டிக்கொண்டு வந்தது. போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.