நிற்பவருக்கே தண்ணீர்

2017 சித்திரையில் எங்கள் ஊரின் கடைசிக் கிணறும் வற்றியது. குரும்பலூருக்கு மேற்கே உள்ள சின்ன ஊர். மக்காச்சோளமும் பருத்தியும்தான் விவசாயம். ஆயிரம் அடிக்கு போர் போட்டவர்களுக்கும் புழுதிதான் வந்தது. திருச்சியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வாரம் மூன்று நாள் லாரியில் தண்ணீர் அனுப்ப முன்வந்தது. பங்கிடும் பொறுப்பு பெண்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள்.

அதுவரை எங்கள் ஊரில் வரிசை என்றால் குடங்கள்தான். குடத்தை வைத்துவிட்டால் ஆள் நிற்பதாக அர்த்தம். பெரிய வீட்டுச் சாமிதுரையின் ஆட்கள் விடியும்போதே எட்டுக் குடங்களை முதலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூலிக்குப் போகும் பெண்களின் முறை வருவதற்குள் லாரி காலியாகிவிடும்.

இரண்டாவது வாரம் குழுவைக் கூட்டினேன். "நிக்கிறவங்களுக்குத்தான் தண்ணி. ஆளுக்கு ரெண்டு குடம். ஆள் இல்லாத குடத்த எடுத்து ஓரமா வெச்சிடுவோம்" என்றேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த லாரிக்குச் சாமிதுரை வீட்டு எட்டுக் குடங்களையும் நானே தூக்கி ஓரமாக வைத்தேன். சாமிதுரையின் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றார். நிறுவனத்திலிருந்து வந்த பிரவீணா அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். என் கணவர் இறந்த பிறகு வந்த பதினோரு ஆண்டுகளில் ஊரில் என் சொல்லுக்கு ஒருவர் கட்டுப்பட்டது அன்றுதான்.

தென்றல் என் ஒரே மகள். திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தேன். கொள்ளிடக் கரை, தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அவளுடைய மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்க குடிக்கவே தண்ணியில்லன்னு சொல்றாங்க. புள்ள இங்கயே இருக்கட்டுமே சம்பந்தி. நான் பாத்துக்க மாட்டேனா?"

எனக்குச் சுருக்கென்றது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக வக்கில்லாதவள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். "எங்க வழக்கத்துல அப்படியில்லீங்க" என்று சொல்லி, அன்றைக்கே காரில் அழைத்துவந்துவிட்டேன்.

லாரி வரும் நாளில் குழாயைப் பிடிப்பதும் நோட்டில் பேரைக் குறிப்பதும் நான்தான். என் குடத்தோடு நிற்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. கடைசியில் மிச்சமிருந்தால் பிடித்துக்கொள்வேன். தென்றல் வந்த பிறகு அது போதவில்லை. நான்காம் நாள் அவளே இரண்டு குடங்களோடு வந்துவிட்டாள்.

"நீ ஏண்டி வந்த? வூட்டுல கெடக்க வேண்டியதுதானே?"

"வூட்டுல கெடந்தா தண்ணி நடந்து வருமா? தலைவி மவ நிக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கியா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கத்திரி வெயில். ஒன்பது மணிக்கு வரவேண்டிய லாரி பாடாலூர் அருகே டயர் வெடித்து நிற்பதாகப் போன் வந்தது. வேப்பமர நிழல் நாற்பது அடி தள்ளி இருந்தது. வரிசை வெயிலில் இருந்தது. பதினொன்றரை மணிக்குத் தென்றலின் முகம் கன்றிப்போயிருந்தது. "வாயி ஒட்டுதும்மா" என்றாள். யாரோ பாட்டிலில் இருந்த கடைசி மடக்கைக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் நின்ற வெற்றிச்செல்வி, "அக்கா, அவ மரத்தடிக்குப் போவட்டும், குடம் நிக்கட்டும். மாசமா இருக்கிற புள்ள" என்றாள்.

"ஏன், தலைவி மவன்னா தனிச் சட்டமா?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற கலியம்மாள். "போன வாரம் எங்குடத்த எடுத்து ஓரமா வெச்சீங்களே. அன்னிக்கு எம்புருசன் காச்சல்ல கெடந்தாரு. அத யாரு கேட்டீங்க?"

அவள் சொன்னது உண்மை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் நிக்கிறேம்மா, ஒண்ணுமில்ல" என்றாள் தென்றல்.

குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு குடம் தண்ணீர்தான் போயிருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. ஆனால் தலைவியின் மகளும் வரிசையில்தான் நிற்கிறாள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பன்னிரண்டேகாலுக்கு லாரி வந்தது. நான்காவது ஆளுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் கூச்சல் கேட்டது. தென்றல் குடங்களின் மேல் சரிந்து கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. முதலில் ஓடியவள் கலியம்மாள்தான். அப்போதுதான் நிரப்பியிருந்த தன் குடத்தை அப்படியே தென்றலின் தலையில் கவிழ்த்தாள். நூற்றெட்டு வண்டி பெரம்பலூர் போய்ச் சேரும் முன்பே இரண்டு உயிரும் போய்விட்டன.

மாப்பிள்ளை அசோக் உடலைத் திருமானூருக்கே கொண்டுபோனார். அவளுடைய மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, என் மகளைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் வாசலைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் ஓடியது. யாரும் குழாயை மூடவில்லை.

இருபது நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வெற்றிச்செல்வி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். இருபத்தோராம் நாள் அவளோடு கலியம்மாளும் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சொன்னது சரிதான்" என்றேன்.

"சரியோ தப்போ. இப்ப யாரும் எதையும் பாக்கறதில்ல. பழையபடி குடந்தான் நிக்குது. பெரிய வூட்டுக் குடம் இப்போ பன்னெண்டு. எம்பொண்ணு நேத்து வெறுங்குடத்தோட வந்தா."

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நிற்பவருக்கே தண்ணீர் என்ற விதிக்குக் கீழே, கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், நோயாளி இருக்கும் வீட்டார், இவர்களுடைய குடம் மட்டும் நிற்கலாம் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். முன்பே அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிறகு வரிசையின் தலைப்பக்கம் போனேன். பெரிய வீட்டுக் குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். சாமிதுரையின் மனைவி தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டார்.

"பெத்த மவள வாரிக் குடுத்தும் இவளுக்குப் புத்தி வரல பாரு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான்காவது குடம் கையிலிருந்து நழுவி உருண்டது. அதைக் கலியம்மாள் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தாவதைத் தூக்கினாள்.