காற்று எடுக்கிற இடம்

ஆறுமுகச்சாமி மூன்றாவது தடவையாகச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாகவே சுற்றியது. பேட்டரியில் குறை இல்லை. இன்ஜின்தான் பிடிக்கவில்லை. பத்து விநாடி சுற்றவிட்டு நிறுத்தினார். இறங்கிப் பின்பக்கம் போய் சைலன்ஸர் குழாயைக் குனிந்து பார்த்தார். புகையின் வாடைகூட இல்லை. கொஞ்சமாவது புகைந்திருந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை.

இத்தனை வருஷப் பழக்கத்தில் நொடியில் தோன்றவேண்டிய விஷயம். அன்றைக்கு அதற்கே நேரம் பிடித்தது. குழாயைப் பார்த்தபடி, எதற்காகக் குனிந்தோம் என்பதே மறந்து சற்று நின்றார்.

மணி ஐந்தே கால். திருவேங்கடம் சாலையிலிருந்து பிரியும் தெருவில், அவர் வீட்டு வாசலில்தான் வேன் நின்றது. கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டியிருந்த நூல் மில்லுக்குக் காலை ஷிப்ட் போகும் பெண்கள் பதினோரு பேர், சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்துவிட்டார்கள். ஆறு மணிக்கு மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"என்ன அண்ணாச்சி, வண்டி அசைய மாட்டேங்கு?" என்றாள் பொன்செல்வி. பதினோரு பேரில் மூத்தவள். மில்லில் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது அவளுக்கு.

"டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு போல. அஞ்சு நிமிஷம் பொறுங்க."

பானெட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து மனைவி கோமதி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கேட்கவில்லை. இருபது வருஷமாக வண்டியில் எது கெட்டாலும் வெளிச்சம் பிடிப்பது அவள்தான்.

டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கத் தொடங்கினார். ஸ்குரூ ஓரத்தில் டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கிச் சுத்தமாக வரும்வரை அமுக்கி, ஸ்குரூவை இறுக்கிவிட்டு, ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. பெண்கள் தூக்குகளைக் கையில் எடுத்தார்கள். வண்டி அரை நிமிடம் ஓடி, இருமி, நின்றுபோனது.

மறுபடி இறங்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடி நுரை. மறுபடி அரை நிமிடம்.

ஏழு மாதமாக அவர் மூன்று ஷிப்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன் மில்லுக்கு இரண்டு வேன் ஓடியது. இன்னொரு வேன்காரர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். ஓட்டினால் மூன்று ஷிப்டையும் ஓட்டுங்கள், முடியாவிட்டால் மூன்றுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றது மில். அவர் சரி என்றார். ராத்திரி ஷிப்ட் ஆள்களை இறக்கிவிட்டு, மத்தியான ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து படுக்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும். நாலரைக்கு எழ வேண்டும். பகலில் தூங்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே பகலில் தூக்கம் வரவில்லை. மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

கோமதி முதலில் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சண்டை போட்டாள். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் மில் ஆபீசுக்கே போய், ஒரு ஷிப்டையாவது வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். முடியாவிட்டால் உங்கள் வீட்டுக்காரரே சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதை அவளாகவே அவரிடம் சொன்னபோது, அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தரைக்கு மெக்கானிக் முகம்மது ஹுசைனுக்குப் போன் போட்டார். ஹுசைன் சுபுஹு தொழுகைக்குக் கிளம்பி வழியில் இருந்தார்.

"ஸ்டார்ட் ஆகி நின்னுபோகுதுல்லா? எங்கனயோ காத்து எடுக்கு வே. எங்கனயும் டீசல் ஒழுகுதா?"

"சொட்டுகூட இல்ல."

"அப்ப டேங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான். அது டீசல உறிஞ்சி இழுக்குற பக்கம். லூசா இருந்தா வெளிய ஒழுகாது, காத்த உள்ள இழுத்துக்கிடும். ஹோஸ் பாத்தீரா?"

"பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"டேங்குக்கு மேல பைப்பு சேருற எடத்துல ஒரு போல்ட் இருக்கே, மூணு வருஷத்துக்கு முன்னால செம்பு வாஷர் மாத்துனோமே. அத ஒருக்க பாரும். தொழுதுட்டு நானும் வாரேன்."

அந்த இடத்துக்கு மேலிருந்து கை எட்டாது. படுத்துக்கொண்டு, சேசிஸுக்கும் டேங்குக்கும் இடையே கையை விட வேண்டும். ஆறுமுகச்சாமி சாக்கை விரித்துப் போட்டு வேனுக்கடியில் நகர்ந்தார். கோமதி பக்கத்தில் குத்தவைத்து டார்ச் அடித்தாள். வெளிச்சம் டேங்குக்கு மேலே போகாமல் சக்கரத்திலேயே விழுந்தது.

"வெளிச்சத்த நேராப் புடி."

விரலால் துழாவினார். போல்ட் கிடைத்தது. ஸ்பேனரே வேண்டாம், கையாலேயே சுற்றியது. ரோட்டுக் குண்டு குழியில் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்திருக்கும் என்று நினைத்தார். 'கிடைச்சிட்டு' என்று சொல்ல வாயெடுத்தார். ஸ்பேனரை எடுக்கக் கையைக் கீழே கொண்டுவந்தார். முதுகுக்குக் கீழே தரை குளிர்ச்சியாக இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்துக் காற்று வேனுக்கடியில் புகுந்து போனது. ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியதுதான் அவருக்கு ஞாபகம்.

கோமதிக்கு முதலில் புரியவில்லை. "ஏங்க, கிடைச்சுதா?" என்றாள். டார்ச்சை முகத்தில் அடித்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்பேனர் நெஞ்சின்மேல் கிடந்தது, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"மயக்கமா மதினி?" என்று ஒருத்தி பதறினாள்.

"இல்ல. தூங்குதாங்க" என்றாள் கோமதி.

தெருமுனையில் பால்காரர் பைக் போன சத்தம் மட்டும் கேட்டது. கோமதி அப்படியே தூங்கட்டும் என்று விட்டுவிடத்தான் பார்த்தாள். ஆனால் வேன் நின்ற இடம் சரிவு. சக்கரத்துக்கு அண்டைக் கல்கூட வைக்கவில்லை. அதையும் அவர் மறந்திருந்தார். அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் விழித்ததும் முதல் வேலையாகக் கையை மேலே தூக்கினார். "போல்ட் லூசு. ஒரு முறுக்கு முறுக்குனா முடிஞ்சிது."

"அத முறுக்காதீங்க" என்றாள் கோமதி.

"என்ன?"

"தானா லூசாகல. நேத்து ராத்திரி நீங்க படுத்த பொறவு நான்தான் கழத்தி வச்சேன்."

அவர் வெளியே நகர்ந்து வந்தார். முதுகெல்லாம் மண். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பதினோரு பிள்ளைங்க வேலைக்கிப் போணும். இன்னும் ஏழு பேரு வழியில நிக்காங்க."

"நிக்கட்டும். ஒருநா நீங்க தூங்குங்க. சாவிய ஒளிச்சு வச்சா தேடி எடுத்துருவீங்க. வாயால சொன்னா கேக்கமாட்டீங்க. எனக்கு வேற எது தெரியும்? வண்டி எங்க காத்து எடுக்கும்னுதான் தெரியும்."

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஸ்பேனரைத் தூக்கி எறியத்தான் கை போனது. எறியவில்லை. திரும்பக் குனிந்து வேனுக்கடியில் போய், போல்ட்டை இறுக்கினார். தேவைக்கு மேலேயே இறுக்கினார். வெளியே வந்து கைப்பம்பை அமுக்கினார். நுரை நின்றது. ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது, சீராக ஓடியது.

"ஏறுங்க எல்லாரும். அரை மணி நேரம் லேட்டாகும், அவ்வளவுதான். சூப்பர்வைசர்ட்ட நான் சொல்லுதேன்."

ஒருத்தியும் அசையவில்லை.

"ஏறுங்கம்மா, என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க?"

பொன்செல்வி முன்னால் வந்தாள். கதவுப் பக்கம் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசப் பார்த்தாள். இன்ஜின் சத்தத்தில் அது முடியாமல், கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியதாயிற்று.

"திங்கக்கிழம கொளத்துக் கரையில வண்டி ரோட்ட விட்டு எறங்குச்சே அண்ணாச்சி."

"ஆமா. நாய் குறுக்க வந்துட்டு."

"நாய் ஒண்ணும் வரல அண்ணாச்சி."

"செவல நாய். வாலு நுனி வெள்ள. நான் பாத்தேன்."

"நீங்க கண்ண மூடியிருந்தீங்க. ஸ்டீரிங்கப் புடிச்சு இழுத்தது நான். கோமதியக்காட்ட சொன்னதும் நான்தான்." அவள் பின்னால் நின்றவர்களைக் காட்டினாள். "ரெண்டு மாசமா ஆளுக்கொருநா மொத சீட்டுல உக்காந்து ஒங்ககிட்ட பேசிக்கிட்டே வாரோம். எங்களுக்கு ஒங்ககிட்ட பேச என்ன இருக்கு? நீங்க தூங்கிறக் கூடாதுன்னுதான்."

ஆறுமுகச்சாமி ஸ்டீரிங்கில் கை வைத்தபடி இருந்தார். அந்த நாயை அவர் பார்த்தது நிஜம். அது குளத்துப் பக்கமிருந்து ஓடிவந்ததும், ஹெட்லைட்டில் கண் மின்னியதும் அவருக்கு இன்னும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கோமதியிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். அவள் அப்போது கேட்டுக்கொண்டே சோற்றைப் போட்டாள். இந்தப் பிள்ளைகள் தன்னிடம் மில் கதை, மாமியார் கதை, டிவி சீரியல் கதையெல்லாம் சொல்லிச் சிரித்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தன்மேல் பிரியமாக இருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தார். பிரியம்தானா பயமா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. காது மடல் சுட்டது.

போன் அடித்தது. மில் சூப்பர்வைசர்.

"அண்ணாச்சி, எங்க வாரீங்க? மணி ஆறாகப் போகுது."

"வரல சார்" என்றார்.

"வண்டி ரிப்பேரா?"

அவர் கோமதியைப் பார்த்தார். அவள் டார்ச்சை அணைக்காமல் நின்றாள். விடிந்துவிட்டிருந்ததால் அதன் வெளிச்சம் எங்கேயும் விழவில்லை.

"வண்டி நல்லாருக்கு சார். எனக்குத்தான் முடியல. தூக்கத்துல ஓட்டிக்கிட்டிருக்கேன். இனி ஒரு ஷிப்டுதான் என்னால ஓட்ட முடியும். மத்த ரெண்டுக்கும் ஆளு பாத்துக்கிடுங்க."

"அப்ப மூணுக்குமே வேற வண்டி சொல்ல வேண்டியிருக்குமே."

"சொல்லிக்கிடுங்க" என்று போனை வைத்தார். இன்ஜினை நிறுத்தினார்.

பெண்களில் இரண்டு பேர் பஸ்ஸைப் பிடித்தாவது போகிறோம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். மற்றவர்கள் கலைந்தார்கள். பொன்செல்வி வழியில் நிற்கிறவர்களுக்குப் போன் செய்துகொண்டே போனாள். ஹுசைன் தொப்பியோடு வந்து சேர்ந்தபோது வேனின் கதவு திறந்து கிடந்தது; ஆறுமுகச்சாமி வீட்டுக்குள் தரையில், மண் அப்பிய சட்டையோடு குப்புறப் படுத்திருந்தார். ஹுசைன் கதவைச் சாத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு, கோமதியிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

தகரம் சுட்ட பகலிலும் அவர் எழவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டார். பிறகு சோறு கேட்டார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார்.

மூன்று நாள் மில்லிலிருந்து தகவல் இல்லை. அந்த மூன்று நாளும் அவர் கோமதியிடம் தேவைக்கு மட்டும் பேசினார். கோபம் அவள் போல்ட்டைக் கழற்றியதில் இல்லை. பதினோரு பேர் முன்னால், தான் வேனுக்கடியில் வாய் பிளந்து கிடந்ததை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு கூசியது. நான்காம் நாள் காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"வேற எதையும் கழத்தி வச்சிருக்கியா?"

"இல்ல."

"நெசமாத்தான?"

"அந்த ஒண்ணுதான். அதக் கழத்தவே அரை மணி நேரமாச்சு. கை தோலு போயிட்டு." அவள் விரலைக் காட்டினாள். அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். சரியாக ஆறாமல் இருந்தது. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார்.

ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். புது வேன்காரர் மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் ஒத்துக்கொண்டாராம். விடியற்காலைக்கு வர மாட்டேன் என்கிறாராம். காலை ஷிப்டை மட்டும் ஆறுமுகச்சாமி ஓட்டட்டும், அதுவும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மறுநாள் ஐந்தே காலுக்கு வேன் முதல் திருப்பிலேயே பிடித்தது. பெண்கள் ஏறினார்கள். பொன்செல்வி முன் சீட்டுக்குப் போகாமல் கடைசிக்குப் போய் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊரைத் தாண்டுவதற்குள் பேச்சு ஓய்ந்துவிட்டது. அவர்களும் நாலு மணிக்கே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள்தான். ஆறுமுகச்சாமி கண்ணாடியில் பார்த்தார். ஒருத்தி பாக்கியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கியரைச் சத்தமில்லாமல் மாற்றினார். குளத்துக் கரையில் வேகத்தைக் குறைத்தார்.

மில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கேட் சாத்த இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு நிமிடம் போகட்டும் என்று, இன்ஜினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார்.