கொடிமலைக்கு அடித்த பச்சை

சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனைத் தெரியாத கடைக்காரன் கிடையாது. பாதித் தெருவின் பெயர்ப்பலகை அவர் கைவேலை. தூரிகைத் தடம் தெரியக்கூடாது, எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலும் நிறம் பளிச்சென்று கண்ணில் அறைய வேண்டும். இதுதான் அவர் தொழில் பெருமை. அந்தப் பெருமைதான் மனுஷனைக் கவிழ்த்தது.

செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்தும் கிட்டங்கியிலிருந்து முத்துவீரப்பச் செட்டியார் ஒருநாள் வந்தார். மூன்று வருஷ வேலைத் தவணைக்கு இந்த அக்கரைச் சீமைக்குக் கப்பலேறி வந்தவர். பெண்டாட்டி முத்தம்மை, அவர்கள் வழக்கப்படி, ஊரிலேயே இருந்தாள்.

"நான் இருக்கிற ஊரு எப்படி இருக்கும்னு முத்தம்மை கேட்டு எழுதியிருக்கா. இந்த ஊருக் கொடிமலையை உள்ளது உள்ளபடி வரைஞ்சு குடுங்க பாய்."

"அட, இதென்ன பெரிய காரியம் லா!" என்றார் அலாவுதீன், இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து.

பலகையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் போய் உட்கார்ந்தார். கடைக் கதவுக்கு அடிக்கிற பச்சை டின்னைத் திறந்தார். மலை முழுக்க ஒரே பூச்சு! முடித்துவிட்டுத்தான் எதிரே நின்ற மலையை நிமிர்ந்து பார்த்தார். ஐயோ, அங்கே அந்தப் பச்சையைக் காணவே காணோம். அடிவாரத்தில் மஞ்சள் கலந்திருந்தது, மரங்களுக்கு நடுவே செம்மண் சாயல், உச்சியோ ஏறக்குறைய நீலம். பலகையில் இருந்தது மலை இல்லை, கடைக் கதவு. ஒரு மூலையில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து பார்த்தார், சேறாகிப் போனது. பயந்துபோய் அதையும் பச்சையாலேயே மூடிவிட்டார்.

மறுநாள் படம் ஊருக்குப் போகவேண்டிய கப்பல். செட்டியார் படத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

எனக்கு வரவில்லை என்று சொல்ல அலாவுதீனுக்கு நாக்கு எழவில்லை. "கிட்டங்கிக்குள்ளேயே கிடக்கிற நீங்க மலையை எங்க பார்த்தீங்க? அச்சு அசல் இதேதான்!" என்று அடித்துச் சொன்னார். செட்டியாரும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்.

மூன்று மாதம் கழித்துச் செட்டியார் முத்தம்மையின் கடிதத்தோடு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நின்றபடியே படித்தார்.

"படம் வந்தது. இங்கே இரண்டு வருஷமாக மழை இல்லை, ஊருணியும் வறண்டுவிட்டது. இப்படி ஒரு பச்சையை நான் கண்டதே இல்லை. தவணை முடிந்தும் இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஏன் என்று இப்போது புரிந்தது. அதை விட்டு இந்தப் பொட்டலுக்கு யாருக்கு வர மனசு வரும்? இனி வாருங்கள் என்று கேட்கமாட்டேன்."

"முதலாளி சொன்னதுக்காகத்தான் இருக்கேன் பாய். அவ நம்ப மாட்டேங்கிறா."

அலாவுதீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. முகம் தெரியாத ஒரு பெண், இவருடைய ஒரு டின் பெயிண்டை நம்பிப் புருஷனையே கைகழுவிவிட்டாளே! நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"செட்டியாரே, நான் சொன்னது பொய். அந்தப் பச்சை இந்த ஊர்லயே இல்லை. எனக்கு மலை வரையத் தெரியலை. என் பேரைப் போட்டே ஆச்சிக்கு எழுதுங்க."

செட்டியார் ஏசியிருந்தால்கூடத் தேவலை. கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"இப்ப எழுதினா, நான்தான் உங்களைச் சொல்ல வச்சேன்னு நினைப்பா பாய்."