தொடலாமா?

பல்செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, முகமே பார்த்திராத வாய்களுக்கெல்லாம் பல் செய்வார். காலையில் பல் டாக்டர்களிடமிருந்து வாயின் அச்சு பெட்டியில் வரும், சாயந்திரம் பல் பெட்டியில் போகும். மனைவி போய் நாலு வருஷம். மகளோ கடல் தாண்டி இருக்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் “அப்புறம் பேசறேம்ப்பா” என்பாள்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு நாலு வார்த்தை பேசக் கிடைத்ததெல்லாம் மாலையில், பூங்காவில்தான். அதுவும் திவானின் புண்ணியத்தில். திவான் அவருடைய நாய். “தொடலாமா?” என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். “தாராளமா தொடுங்க, ஒண்ணும் பண்ணாது” என்பார். பேர் என்ன, வயசு என்ன, என்ன சாப்பிடும்? எல்லாம் நாயைப் பற்றிய விசாரிப்புதான். இருக்கட்டுமே, பதில் சொல்வது அவர்தானே!

போன மாதம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். “இதுக்குக் காது சுத்தமா கேக்கலை. பின்னாலேர்ந்து யாராவது தொட்டா பதறிப்போய் கடிச்சிடும். வெளிய போறப்ப வாய்க்கூடை மாட்டுங்க. யாரையும் தொட விடாதீங்க.”

வாய்க்கூடையை வாங்கினார். அது கதவுக் கொக்கியிலேயே தொங்கியது. மாட்டினால் எவர் கிட்டே வருவார்? அந்தப் பயத்தை ஒப்புக்கொள்ள மனசு வராமல் தொழிலைத் துணைக்கு அழைத்தார். திவானின் வாயைப் பிளந்து விளக்கடியில் பார்த்தார். கோரைப்பல் நாலும் தேய்ந்து மொட்டை. “இதை வச்சுக்கிட்டு நீ யாரைடா என்ன பண்ணிடப்போறே?” என்று சிரித்தார். முப்பது வருஷம் பல்லோடு மாரடித்தவர், தாடை என்று ஒன்று இருப்பதை மறந்தார். என்னத்தைச் சொல்ல!

ஒரு வியாழக்கிழமை, தினமும் திவானைக் கொஞ்சுகிற ஐந்து வயசுச் சிறுமி பின்னாலிருந்து ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாய் வெடுக்கென்று திரும்பியது. குழந்தை வீரிட்டாள்.

கையில் நாலு பள்ளம். ஒன்றில் ரத்தம். எத்தனையோ கடி அச்சுகளைப் பார்த்தவருக்கு இதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. மொட்டைப் பல்தான், ஆனால் தாடை அழுத்தியிருந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டு அந்தப் பிஞ்சுக் கையைக் கழுவிக்கொண்டே தாய் கத்தினாள். “ஒண்ணும் பண்ணாதுன்னு தினமும் சொன்னீங்களே!”

“இதுக்கு வெறிநாய் ஊசியெல்லாம் போட்டிருக்கும்மா, சீட்டு கொண்டு வரேன்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது கடிக்கலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னார். நான்தான் கேக்கலை.”

“தெரிஞ்சுமா?” என்றாள்.

அவர் நாயை வீட்டில் பூட்டிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் முகம் கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து வாய்க்கூடை ஏறியது. கயிறும் ஒரு முழத்துக்குக் குறுகியது. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். தெரிந்த முகங்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடந்தன. அந்தச் சிறுமி தூரத்தில் நின்று, கட்டுப் போடாத கையைப் பாதி தூக்கினாள். தாய் அதை இறக்கிவிட்டாள். அந்தத் தாய் மேல் என்ன தப்பு காண முடியும்? பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராம் நாள், பூங்காவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்மணி பெஞ்சருகே நின்றாள். நல்ல சிரிப்பு. உட்கார்ந்து பேசுகிற ரகம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“ஐயோ பாவம், வாயைக் கட்டி வச்சிருக்கீங்களே. சாதுவாத்தானே இருக்கு? தொடலாமா?”

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட இவள் கேட்பாள் போலிருந்தது. அவர் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

“வேண்டாம்மா. கடிச்சிடும்.”

அவள் சட்டென்று பின்வாங்கி, நடந்து போய்விட்டாள். அவர் திவானின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, அது மோந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு தலையைத் தடவினார். அன்றைக்கு முழுக்க அவர் மனுஷரோடு பேசியது அந்த ரெண்டு வார்த்தைதான்.