எதிர்ச் சந்துக் கோபுரம்

கறுப்புக் கிமோனோ காலைத் தடுக்க, சுதென்காக்கு கோபுரத்தின் லிஃப்ட் வரிசையில் முண்டியடித்து முன்னேறினாள் கினுயோ. பதினோரு மணிக்கு அவள் கணவர் தொக்குரோவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். இப்போது பத்தேகால்.

கையில் அவருடைய முத்திரை நோட்டு. சுற்றுலாத் தலங்களில் மேஜைமேல் கிடக்கும் ரப்பர் முத்திரையைக் குத்திக் குத்தியே நாற்பது வருஷத்தை ஓட்டிய மனிதர். ஜப்பானில் அவர் கால் படாத கோட்டை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. வெந்நீர் ஊற்றுக் குரங்குகள்கூட அவரைக் கண்டால் நகர்ந்து இடம் கொடுக்கும். பெட்டிக்குள் வைக்க நோட்டை எடுத்தபோதுதான் பார்த்தாள்: கடைசிப் பக்கம் காலி. மூலையில் பென்சிலில், ‘சுதென்காக்கு. கினுயோவுடன்.’

ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பார். “அடுப்படி ஜன்னல்லயே தெரியுது. மேல வேற ஏறணுமாக்கும்!” என்று ஆயிரம் தடவையும் விரட்டியிருந்தாள்.

“எந்த ஊரும்மா?” என்றாள் லிஃப்ட்காரி.

“எதிர்ச் சந்து.”

“அட! அப்ப அடிக்கடி வருவீங்க.”

“அம்பத்தோரு வருஷத்துல இதான் மொதத் தடவை.”

லிஃப்டே குலுங்கச் சிரித்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் கறுப்புக் கிமோனோவைக் கவனித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

உச்சியிலிருந்து தன் அடுப்படி ஜன்னலைத் தேடினாள். அரிசி மணி அளவில் தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மை காயவில்லை. நோட்டை விரித்தபடியே தெருவில் ஓடினாள். காற்று தாளைப் புரட்ட, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டாள்.

ஈமக்கூடத்து வாசலில் அங்கே வேலை பார்க்கும் ஹிரோசே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கம்மா போயிட்டீங்க?”

“கோபுரம் பார்க்க.”

“இன்னிக்கா!”

“இன்னிக்குத்தான் நேரம் ஒழிஞ்சது.”

நோட்டை விரித்தே கணவரின் மார்பின்மேல் வைத்தாள். பெட்டியை மூடினார்கள்.

பிற்பகல், எரிப்பகம். வந்திருந்த நாலு பேரும் கிளம்பிப் போயிருந்தார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. சாம்பலிலிருந்து ஒவ்வோர் எலும்பையும் இரண்டு பேர் சேர்ந்துதான் குச்சிகளால் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஹிரோசே எதிரே வந்து நின்றார்.

“கையில என்னமோ நீலமா ஒட்டியிருக்கே. துணி தரட்டுமா?”

உள்ளங்கையில் சின்னதாய்க் கோபுரம், இடவலம் மாறி.

“வேண்டாம்” என்றாள். விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு அந்தக் கையாலேயே குச்சிகளை எடுத்தாள்.